பொறுத்தார் கடல் ஆள்வார்

கடற்படைக் கப்பலுக்கு ஹெலிகாப்டர் தேர்ந்தெடுப்பதில் திருமானூர்க்காரனுக்கு என்ன அக்கறை என்று கேட்பவர்கள் கேட்கட்டும். நாங்களும் கடற்கரைக்காரர்கள்தான். என்ன, எங்கள் கடல் கொஞ்சம் முன்னதாகவே கிளம்பிப் போய்விட்டது. அரியலூர் வட்டாரத்துச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் இன்றைக்கும் நத்தையும் சிப்பியும் சுறாப்பல்லும் கல்லாகிக் கிடைக்கின்றன. பக்கத்து வாரணவாசியில் அவற்றுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. ஆறரைக் கோடி ஆண்டு என்பது எங்கள் கணக்கில் நேற்று முன்தினம். அதனால்தான், கடற்படைக்கு ஹெலிகாப்டர் வாங்கும் பொறுப்பில் இருக்கும் டில்லிப் பெரியவர்களின் வேகத்தைப் பார்த்து மற்ற ஊர்க்காரர்கள் தலையில் அடித்துக்கொள்ளும்போது நாங்கள் மட்டும் நிதானமாகக் கைதட்டுகிறோம். அவர்களுக்கு ஒரு பாராட்டு விழா எடுக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. மாலை, பொன்னாடை எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பாராட்டுரையை மட்டும் இப்போதே எழுதி வைத்துவிடுகிறேன்.

முதல் பாராட்டு, முதியோரைக் கைவிடாத பண்புக்கு. ‘சேத்தக்’ என்று நாம் செல்லமாகப் பெயர் வைத்திருக்கும் ஹெலிகாப்டர், ‘அலூயெத்-3’ என்ற பெயரில் பிரான்சில் முதன்முதலாகப் பறந்தது 1959-இல். 1962-இல் உரிமம் வாங்கி, அறுபதுகளின் நடுவில் பெங்களூர் ஹெச்.ஏ.எல். அதைச் செய்துதரத் தொடங்கியது. ஒற்றை எஞ்சின், மூன்று பிளேடு. 1972-இல் ஐ.என்.எஸ். நீலகிரி கடற்படையில் சேர்ந்தபோது அதன் பின்தளத்தில் சேத்தக் ஏறியது. அந்த நீலகிரி ஓய்வுபெற்றுப் போயிற்று. அதன் பெயரைத் தாங்கிய புதிய நீலகிரி 2025 ஜனவரியில் படையில் சேர்ந்துவிட்டது. கப்பற்படைத் தளங்களிலிருந்து சேத்தக் இன்னும் இறங்கவில்லை. பெற்ற தாயான பிரெஞ்சுக் கடற்படையே 2022-இல் அதற்கு விடைகொடுத்து அனுப்பிவிட்டது. வளர்த்த நாம் அனுப்பவில்லை. பெற்றவளைவிட வளர்த்தவளுக்குப் பாசம் அதிகம் என்று ஊரில் சொல்வது சரிதான்.

அரக்கோணத்தில் 1992-இல் தொடங்கிய ஐ.என்.எஸ். ராஜாளி தளத்தில்தான் கடற்படை தன் ஹெலிகாப்டர் விமானிகளைப் பயிற்றுவிக்கிறது. பயிற்சி இதே சேத்தக்கில். அங்கே கட்டுப்பாட்டுக் கம்பியை முதன்முதலாகப் பிடிக்கும் இளைஞர், தன் அப்பாவைவிட மூத்த வடிவமைப்பில் உட்கார்ந்துகொண்டு பறக்கக் கற்றுக்கொள்கிறார். பெரியோரை மதிக்கும் பழக்கம் இளைய தலைமுறையிடம் குறைந்துவருகிறது என்று புலம்புகிறவர்கள் ஒருநாள் அரக்கோணம் போய்ப் பார்க்கலாம்.

எனக்கு மாமா முறை ஆகும் ஒருவர் கடற்படையில் ஹெலிகாப்டர் பராமரிப்பு வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். திருமானூர் கடைத்தெருவில் எங்கே பார்த்தாலும் நிறுத்திப் பேசுவார். சேத்தக் கப்பலில் இறங்குவது எப்படி என்று கேட்டேன்.

“மாப்ளே, கப்பல் நிக்காது. அதை மொதல்ல புரிஞ்சுக்க. பின்பக்கம் ஏறுது, எறங்குது, சாயுது. மேல நிக்கிற பைலட்டு அந்தத் தாளத்தப் பாத்துக்கிட்டே தொங்கணும். ஒரு கணம் தளம் மட்டமா வரும், அப்ப டக்குனு வைக்கணும். வச்ச ஒடனே நாங்க குனிஞ்சு ஓடிப்போய் சக்கரத்துல சங்கிலிய மாட்டணும். தலைக்கு மேல பிளேடு சுத்திக்கிட்டு இருக்கும். மாட்டிட்டோம்னு கட்டைவிரலத் தூக்கிக் காமிச்சாத்தான் அவரு மூச்சு விடுவாரு.”

“அப்புறம்?”

“அப்புறம் பிளேட மடிக்கணும். கையாலதான். ஆளுக்கொரு கம்ப வச்சு நுனியத் தாங்கிப் புடிச்சு, முள்ள எடுத்து, மெதுவா வால் பக்கம் கொண்டுபோகணும். காத்து அடிச்சா பிளேடு நம்மளத் தூக்கும். உள்ள தள்ளிட்டு நல்ல தண்ணியால கழுவணும். உப்பு ஒரு ராத்திரி நின்னா போதும், அலுமினியத்தத் தின்னுடும்.”

“இத்தனை வருஷத்துல வேற வரலையா மாமா?”

“வருது வருதுன்னாங்க. நான் ரிட்டயர் ஆயிட்டேன்.”

மாமா சொன்ன இந்தக் கதைக்குள் கப்பல் ஹெலிகாப்டரின் தேர்வு விதிகள் பாதிக்குமேல் அடங்கியிருக்கின்றன. தளம் ஆடும், ஆகவே சக்கரமும் காலும் அடி தாங்க வேண்டும். பல நாட்டுக் கப்பல்களில் தளத்தின் நடுவே ஓட்டைகள் நிறைந்த இரும்புத் தகடு பதித்திருப்பார்கள். இறங்கிய கணத்தில் ஹெலிகாப்டரின் வயிற்றிலிருந்து ஒரு கொக்கி நீண்டு அதைக் கவ்விக்கொள்ளும். ஹெலிகாப்டரை உள்ளே தள்ளி நிறுத்தும் ஹேங்கர் சிறியது; ஆகவே பிளேடும், முடிந்தால் வாலும், மடிய வேண்டும். உப்பு தின்னும், ஆகவே உலோகம் முதல் வர்ணம் வரை அதற்கென்றே தேர்ந்ததாக இருக்க வேண்டும். கப்பலின் ரேடார் அலைகள் பக்கத்திலேயே வீசும். அதில் ஹெலிகாப்டரின் கருவிகள் குழம்பக் கூடாது. கீழே நிலம் கிடையாது. ஆகவே இரண்டு எஞ்சின் வேண்டும், ஒன்று நின்றால் மற்றொன்று வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்க. இந்தக் கடைசி விதியைத்தான் சேத்தக் அரை நூற்றாண்டாக மன உறுதியோடு மறுத்துவருகிறது.

இப்படி மெனக்கெட்டு ஹெலிகாப்டர் எதற்கு? கப்பலே போதாதா? போதாது என்பதற்குக் காரணம் கடல்நீர். வெயில் சூடாக்கிய மேல்நீருக்கும் அடியில் கிடக்கும் குளிர்ந்த நீருக்கும் நடுவே ஒரு மாற்றம் நிகழும் அடுக்கு உண்டு. கப்பலின் அடிவயிற்றில் உள்ள சோனார் எழுப்பும் ஒலி அந்த அடுக்கில் பட்டு வளைந்து போகும். அதற்குக் கீழே நீர்மூழ்கி நிம்மதியாகப் படுத்திருக்கும். நம்மைச் சுற்றியுள்ள வெதுவெதுப்பான கடல்களில் இது நன்றாகவே நடக்கும். ஹெலிகாப்டரோ நீருக்கு மேல் அந்தரத்தில் நின்றுகொண்டு, ஒரு சோனாரைக் கம்பியில் கட்டி அந்த அடுக்குக்கும் கீழே இறக்கிக் காது வைத்துக் கேட்கும். கேட்டது பிடிபடவில்லையென்றால் சுருட்டிக்கொண்டு சில மைல் தள்ளிப்போய் மறுபடி இறக்கும். நீர்மூழ்கியின் டார்பிடோ கப்பலைத் துரத்தும். ஹெலிகாப்டரைத் துரத்த முடியாது.

இதை நாம் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலையில் இல்லை. 1971 டிசம்பர் 9 இரவு, குஜராத்தை ஒட்டிய டையூவுக்கு அப்பால், பாகிஸ்தானின் ‘ஹங்கோர்’ நீர்மூழ்கி ஐ.என்.எஸ். குக்ரியை மூழ்கடித்தது. 18 அதிகாரிகள், 176 மாலுமிகள். கேப்டன் மகேந்திரநாத் முல்லா கப்பலோடு போனார். குக்ரியில் ஹெலிகாப்டர் கிடையாது. நீர்மூழ்கி வேட்டைக்கென்று வாங்கிய சீ கிங் ஹெலிகாப்டர்கள் அந்த ஆண்டுதான் கொச்சிக்கு வந்திருந்தன. இந்தப் பத்தியில் எனக்குப் பாராட்ட எதுவும் அகப்படவில்லை.

அடி வாங்கிய அந்தத் தலைமுறை அதன் பிறகு செய்த ஒரு காரியத்தை இங்கே குறிப்பிட வேண்டும். இன்றைய பெரியவர்களின் அருமை அப்போதுதான் விளங்கும். மும்பை மசகான் கப்பல் தளத்தில் நீலகிரி வரிசையின் கடைசி இரண்டு கப்பல்களான தாராகிரியும் விந்தியகிரியும் கட்டப்பட்டுக்கொண்டிருந்தன. சுமார் 3,000 டன் எடையுள்ள கப்பல்கள். சேத்தக்குக்கென்று வரைந்த தளம். அதில் ஒன்பது டன்னுக்கும் மேல் எடையுள்ள சீ கிங்கை ஏற்ற வேண்டும் என்று நம் கடற்படை வடிவமைப்பாளர்கள் முடிவெடுத்தார்கள். பின்பக்கத்தைத் திருத்தி வரைந்தார்கள். வேண்டும்போது நீட்டி, வேண்டாதபோது உள்ளிழுத்துக்கொள்ளும் ஹேங்கர் வைத்தார்கள். இறங்கும் ஹெலிகாப்டரைக் கம்பியால் பிடித்து இழுத்துத் தளத்தில் உட்காரவைக்கும் கருவியைக் கனடாவிலிருந்து தருவித்தார்கள். 1980-இல் ஒன்றும் 1981-இல் மற்றொன்றும் படையில் சேர்ந்தன. அவ்வளவு சிறிய கப்பலில் அவ்வளவு பெரிய ஹெலிகாப்டர் அன்றைக்கு உலகில் அபூர்வம்.

இப்படி அவசரப்பட்டதற்கு அவர்கள் யாரும் தண்டிக்கப்படவில்லை என்பது ஆச்சரியம்தான். ஆனால் அந்தத் தவறு பிறகு திரும்ப நடக்காதபடி பார்த்துக்கொள்ளப்பட்டது.

எண்பதுகளின் இறுதியில் புதிய ரக சீ கிங்குகள் வந்தன. நல்ல ஹெலிகாப்டர். பிரிட்டனில் செய்தது, உள்ளுறுப்பில் பல அமெரிக்காவைச் சேர்ந்தவை. 1998 மே மாதம் பொக்ரானில் அணுகுண்டு வெடித்தோம். அமெரிக்கா தடை விதித்தது. உதிரிப்பாகம் வரவில்லை. பழுதுபார்க்கப் போனவை போன இடத்தில் நின்றன. இங்கே இருந்தவற்றில் ஒன்றைப் பிரித்து இன்னொன்றைப் பறக்கவைத்தார்கள். அணுகுண்டு வெடிக்கத் திட்டமிட்டவர்களுக்கு அடுத்த நாள் தடை வரும் என்பது தெரியும். உதிரிப்பாகத்தை ஓராண்டுக்கு முன்பே வாங்கி அடுக்கிவைக்கலாமே என்று நம்மைப் போன்ற பாமரர் நினைப்போம். அப்படிச் செய்திருந்தால் இரகசியம் வெளியே கசிந்திருக்கும் அல்லவா? நாட்டின் இரகசியத்துக்காகத் தங்கள் ஹெலிகாப்டர்களையே தியாகம் செய்தவர்கள் அவர்கள்.

அடுத்தது, இந்தப் பாராட்டுரையின் உயிர்நாடியான பகுதி. 2008-இல் சீ கிங்குக்கு மாற்றாக 16 பல்பணி ஹெலிகாப்டர்களுக்கு டெண்டர் விட்டார்கள். இதை எங்கள் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் நன்றாகப் புரியும். திருமானூரிலிருந்து சற்றுத் தொலைவில் ஏலாக்குறிச்சி இருக்கிறது. இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் நெடுங்காலம் வாழ்ந்த ஊர். அவர் எழுப்பிய அடைக்கல மாதா கோயில் இன்றும் நிற்கிறது. பரமார்த்த குருவையும் அவருடைய ஐந்து சீடர்களையும் தமிழுக்குத் தந்தவர் அவர். அந்தச் சீடர்கள் ஆற்றைக் கடக்கும் முன் ஒரு தொழில்நுட்பச் சோதனை நடத்துவார்கள், ஞாபகம் இருக்கிறதா? ஆறு விழித்திருக்கிறதா, தூங்குகிறதா என்று அறிய ஒருவன் கொள்ளிக்கட்டையை நீரில் வைத்துப் பார்ப்பான். சுர்ரென்று புகை வரும். ஆறு விழித்திருக்கிறது, இப்போது இறங்கக் கூடாது என்று அறிக்கை கொடுத்துவிட்டுக் கரையில் உட்கார்ந்துவிடுவார்கள்.

2008-இல் வைத்த கொள்ளிக்கட்டையும் அப்படித்தான் புகைந்தது. போட்டியில் நின்றவை இரண்டு: அமெரிக்க சிக்கோர்ஸ்கியின் எஸ்-70பி, ஐரோப்பியக் கூட்டமைப்பின் என்.ஹெச்-90. பறக்கவிட்டுப் பார்த்தார்கள். எழுதினார்கள். எழுதியதைப் படித்தார்கள். இதற்கிடையில் வேறொரு வீட்டில் தீப்பிடித்தது. பெரிய மனிதர்கள் பறப்பதற்கென்று 2010-இல் ஒப்பந்தம் போட்ட 12 அகஸ்டா வெஸ்ட்லாண்ட் ஹெலிகாப்டர்களில் லஞ்சப் புகார் கிளம்பி, 2014 ஜனவரி முதல் தேதி அந்த ஒப்பந்தம் ரத்தானது. அகஸ்டாவின் தாய் நிறுவனம் என்.ஹெச்-90-லும் கூட்டாளி. ஆகவே அந்த விலைக் கவரைத் திறக்காமலே வைத்துவிட்டார்கள். மந்திரிமார் ஏற வேண்டிய ஹெலிகாப்டரில் நடந்த கோளாறுக்கு மாலுமி ஏற வேண்டிய ஹெலிகாப்டர் நின்றது. நேர்மைக்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா?

அதே ஆண்டு செப்டம்பரில் கொழும்புத் துறைமுகத்துக்குச் சீன நீர்மூழ்கி ஒன்று வந்து கட்டியது. சில வாரம் கழித்து இன்னொன்றும் வந்தது. இராமேசுவரத்திலிருந்து பார்த்தால் கொழும்பு எவ்வளவு தூரம் என்று தமிழ்நாட்டில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. வந்த விருந்தாளியைக் காது வைத்துக் கேட்க வேண்டிய ஹெலிகாப்டர் அன்றைக்கு ஆறு வயது நிரம்பிய ஒரு கோப்பாக இருந்தது. ஆனாலும் பெரியவர்கள் பதறவில்லை. அந்த டிசம்பரில் சிக்கோர்ஸ்கியைத் தேர்ந்தெடுத்தார்கள். பிறகு விலை பேசினார்கள். பேசிக்கொண்டே இருந்தார்கள். 2017-இல் பேரம் படியவில்லை என்று டெண்டரையே மூடினார்கள். ஒன்பது ஆண்டு. பதினாறு ஹெலிகாப்டர். வந்தது பூஜ்யம்.

இதற்குச் சோர்ந்துபோகிறவர்கள் சாதாரண மனிதர்கள். இவர்களோ டெண்டரை மூடிய சில வாரத்தில், ஆகஸ்டில், புதிய அறிவிப்பு விட்டார்கள். இந்த முறை 16 அல்ல, 123! ஒரு படி அரிசி வாங்கக் கடன் கிடைக்காதவன் ஒரு மூட்டைக்குச் சீட்டு எழுதுவது போன்ற தன்னம்பிக்கை இது என்று யாராவது கேலி செய்தால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கடைசியில் 2020 பிப்ரவரியில், அமெரிக்க அதிபர் டிரம்ப் வந்திருந்தபோது, எம்.ஹெச்-60ஆர் ‘சீஹாக்’ 24 வாங்க அமெரிக்க அரசோடு கைகுலுக்கினார்கள். பதினைந்தாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் என்றார்கள் அப்போது. செய்பவர் யார்? அதே சிக்கோர்ஸ்கிதான். இடையில் 2015-இல் லாக்ஹீட் மார்ட்டின் அதை வாங்கிவிட்டது, அவ்வளவே வித்தியாசம். எந்தக் கடையில் விலை படியவில்லை என்று ஒன்பதாம் ஆண்டில் எழுந்து வந்தோமோ, அதே கடைக்குப் பன்னிரண்டாம் ஆண்டில் போய், மாறிய பெயர்ப்பலகையின் கீழ் வாங்கிக்கொண்டோம். 2022 ஜூலையில் முதல் இரண்டு கொச்சி வந்து இறங்கின. 2024 மார்ச் 6 அன்று கொச்சியில் 334-ஆம் படைப்பிரிவு முறைப்படி தொடங்கியது. 2008-இல் வைத்த கொள்ளிக்கட்டை நனைந்து அணைந்து, ஆறு தூங்கிவிட்டது என்று ஒருவழியாக உறுதிப்பட்டது.

ஆஸ்திரேலியாக்காரர்களின் அவசரத்தையும் இங்கே சொல்ல வேண்டும். அவர்களும் இதே 2008-இல்தான் சிக்கலில் மாட்டினார்கள். கப்பலுக்கென்று வாங்கிய சூப்பர் சீஸ்பிரைட் ஹெலிகாப்டர்கள் சரிப்படாமல், நூறு கோடி டாலருக்கு மேல் செலவழித்த பிறகு, அந்த ஆண்டு மார்ச்சில் திட்டத்தையே கைகழுவினார்கள். அவர்கள் முன்னாலும் அதே இரண்டு பெயர்கள்: என்.ஹெச்-90, சீஹாக். 2011 ஜூனில் சீஹாக் என்றார்கள். எத்தனை? அவர்களும் 24. 2016-க்குள் இருபத்து நான்கும் வந்து சேர்ந்துவிட்டன. நாம் முதல் டெண்டரையே இன்னும் மூடி முடிக்காத நேரம் அது. எட்டே ஆண்டில் ஒரு பெரும் தோல்வியையும் ஒரு பெரும் கொள்முதலையும் அடுத்தடுத்து முடித்துவிட்ட அந்த நாட்டில், கோப்பு என்பதற்கு என்ன மரியாதை இருக்கும் என்று நினைக்கவே கவலையாக இருக்கிறது.

நார்வேயை நினைத்தால் வேறு வகைக் கவலை. அவர்கள் 2001-இல் 14 என்.ஹெச்-90 கேட்டார்கள். தாமதமும் பழுதுமாக இழுத்தடித்து, 2022 ஜூனில் எல்லாவற்றையும் திருப்பி எடுத்துக்கொள், பணத்தைக் கொடு என்று அறிவித்தார்கள். அந்த ஹெலிகாப்டரை நாமும் தேர்ந்தெடுத்திருக்கலாம். தேர்ந்தெடுக்கவில்லை. எதையுமே வாங்காதவன் எதிலும் ஏமாறுவதில்லை என்ற உண்மையை நார்வேக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை போலும்.

உள்நாட்டில் செய்துகொள்ளக் கூடாதா என்ற கேள்வி வரும். செய்தோம். துருவ். 1984-இல் ஜெர்மனியின் எம்.பி.பி. நிறுவனத் துணையோடு தொடங்கி, 1992 ஆகஸ்ட் 20 அன்று முதலில் பறந்தது. இரண்டு எஞ்சின், நான்கு பிளேடு, கெட்டிக்கார ஹெலிகாப்டர். சியாச்சின் பனிமலையில் அது தூக்கும் சுமையைத் தூக்க வெளிநாட்டுக்காரர்களே யோசிப்பார்கள். இதில் எனக்குக் கேலி கிடையாது, மனதாரச் சொல்கிறேன். ஆனால் தரைப்படை, விமானப்படை, கடற்படை, கடலோரக் காவல்படை என்று நான்கு பேருக்கும் ஒரே ஹெலிகாப்டர் என்று முடிவெடுத்த பெருந்தன்மையைத்தான் நான் பாராட்ட எடுத்துக்கொண்டேன். நான்கு பேரில் மலைக்குப் போகிறவர் உயரம் கேட்டார். கடலுக்குப் போகிறவர் அகலம் கேட்டார். அகலம் என்றால், மடித்து ஹேங்கருக்குள் தள்ளும்போது ஹெலிகாப்டர் பிடிக்கும் இடம். கடற்படை கேட்டது 3.5 மீட்டர். துருவ் மடிந்தது 5.1 மீட்டர்.

ஒன்றரை மீட்டர்தானே என்று தோன்றும். எங்கள் கரைவெட்டி ஏரிக்கு இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்தைப் பாருங்கள். எத்தனை ஆயிரம் அடி உயரத்தில் பறந்து வந்தாலும் இறங்கியதும் சிறகை உடம்போடு ஒட்ட மடக்கிக்கொள்கிறது. மடக்க வராத சிறகோடு அது முட்டையிலிருந்து வெளியே வருவதில்லை. துருவின் சுழலி கீல் இல்லாத அமைப்பு. அந்தரத்தில் அது காட்டும் சுறுசுறுப்புக்குக் காரணமும் அதுதான், மடக்க இணங்காததற்குக் காரணமும் அதுதான். மலையில் பெருமையாக இருந்த குணம் கப்பலில் குற்றமாயிற்று. இப்போது கடற்படைக்கென்று தனியாக ஒரு வடிவம் செய்து, பிளேடையே இரண்டு துண்டாக்கி மடித்து 3.5 மீட்டருக்குள் அடக்கிக் காட்டுகிறார்கள். இருக்கும் நான்கு பேரில் யாருடைய நிபந்தனை மிகக் கறாரானதோ அவரிடம் முதலில் அளவு எடுத்துக்கொண்டால், மற்ற மூவருக்கும் அது தானாகவே பொருந்திவிடும். கப்பலில் இறங்கத் தெரிந்தது வயலிலும் இறங்கும். அளவை 1984-இலேயே ஹேங்கர் கதவில் எடுத்திருக்கலாம். ஆனால் அப்படிச் செய்திருந்தால், இத்தனை ஆண்டுகள் இத்தனை பொறியாளர்களுக்கு வேலை எங்கிருந்து வந்திருக்கும்?

இராமநாதபுரம் உச்சிப்புளியில் கடற்படைக்கு ஐ.என்.எஸ். பருந்து என்று ஒரு விமானத் தளம் உண்டு. இப்படிப்பட்ட கரைத் தளங்களில் இருந்துகொண்டு கடலைக் காவல் காக்கத் துருவ் தோதானது. மீனவரைத் தேடவும் வெள்ளத்தில் சோறு போடவும் அது பட்ட பாட்டைத் தென்மாவட்டத்தார் அறிவார்கள். 2025 ஜனவரி 5 அன்று குஜராத்தின் போர்பந்தரில் கடலோரக் காவல்படையின் துருவ் ஒன்று விழுந்து மூவர் இறந்தார்கள். அதன் பிறகு எல்லாப் படையின் துருவ்களையும் தரையில் நிறுத்தினார்கள். ஒரே இனம் நான்கு வீட்டிலும் இருப்பதன் மறுபக்கம் அது. ஒன்றுக்குத் தும்மல் வந்தால் நான்கு வீட்டிலும் கதவைச் சாத்த வேண்டும்.

சேத்தக்குக்கு மாற்று என்னவாயிற்று? அதற்கும் ஏற்பாடு இருக்கிறது. 2018 ஆகஸ்ட் 25 அன்று, பாதுகாப்புக் கொள்முதல் குழு 111 சிறு ஹெலிகாப்டர்களுக்கு ஒப்புதல் கொடுத்தது. மதிப்பு 21,000 கோடி ரூபாய்க்கு மேல். வெளிநாட்டு நிறுவனம் ஒன்றும் இந்தியத் தனியார் நிறுவனம் ஒன்றும் கைகோத்து, 16-ஐ வெளியிலும் 95-ஐ உள்ளேயும் செய்வதென்று ஏற்பாடு. மறு ஆண்டு பிப்ரவரியில் விருப்பம் கேட்டார்கள். நானும் வருகிறேன் என்றது ஹெச்.ஏ.எல். வரலாமா கூடாதா என்று விவாதம் தொடங்கியது. நல்ல விவாதம், இரு பக்கமும் நியாயம் இருந்தது. 2023 மார்ச்சில் அதே கொள்முதல் குழு, ஹெச்.ஏ.எல்.லிடமிருந்து கடற்படைக்கு 60 ஹெலிகாப்டர்கள் வாங்கும் தேவையை ஏற்றது. 32,000 கோடி ரூபாய். முன்பு 111-க்குச் சொன்ன தொகையைவிட இப்போது 60-க்குச் சொல்லும் தொகை அதிகம். காத்திருந்தால் எண்ணிக்கை குறையும், மதிப்பு கூடும் என்ற இந்தப் பொருளாதாரத்தை, மழைக்காகக் காத்திருந்து நெல்லை இழந்த எங்கள் டெல்டா விவசாயி இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

கப்பல் கட்டுவதில் மட்டும் நாம் காத்திருக்கவில்லை என்பதைப் பதிவுசெய்ய வேண்டும். கொல்கத்தா வரிசை, விசாகப்பட்டினம் வரிசை, புதிய நீலகிரி வரிசை என்று மும்பையிலும் கொல்கத்தாவிலும் வரிசையாக இறக்கினார்கள். கொச்சியில் கட்டிய விக்ராந்த் விமானந்தாங்கி 2022 செப்டம்பர் 2 அன்று படையில் சேர்ந்தது. அந்த வரிசைக் கப்பல் ஒவ்வொன்றின் பின்புறத்திலும் பெரிய ஹெலிகாப்டருக்கென்று அகலமான ஹேங்கர், வழுக்காத தளம், வெள்ளைக் கோட்டில் வட்டம். எல்லாம் கச்சிதம். ஆற்றைக் கடந்த பிறகு பரமார்த்த குருவின் சீடர்கள் தங்களை எண்ணிப் பார்ப்பார்கள். எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ணுவான். கப்பல்களை எண்ணியவர்களும் அப்படித்தான் எண்ணினார்கள். ஏவுகணையை எண்ணினார்கள், பீரங்கியை எண்ணினார்கள், ரேடாரை எண்ணினார்கள். கணக்கு சரியாகவே வந்தது. ஹேங்கருக்குள் போகவேண்டியது ஒன்று மட்டும் குறைந்தது.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் மாமா கோபித்துக்கொள்வார். சீஹாக் வந்தபோது அவருக்கு உண்மையிலேயே சந்தோஷம். “அது தானா மடிச்சுக்குது மாப்ளே, பொத்தான அமுக்கினா போதும்” என்று கையை விரித்து மடக்கிக் காட்டினார். 2023 மே மாதம் ஐ.என்.எஸ். கொல்கத்தாவிலும் விக்ராந்திலும் அது முதன்முறை இறங்கிய படத்தைக் கைபேசியில் சேமித்து வைத்திருக்கிறார். சேத்தக்குக்குப் பதில் எப்போது வரும் என்று நான் கேட்டேன். கைபேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பஸ் வந்துவிட்டது என்றார். வரவில்லை.

பாராட்டுரை இத்துடன் முடிகிறது. விழாவுக்குத் தேதி குறிக்க நான் அவசரப்படவில்லை. பெரியவர்களின் வழியே என் வழி. அவர்களுடைய பார்வைக்கு இரண்டே விவரங்களைக் கடைசியில் சேர்த்துவைக்கிறேன். 2023 நவம்பர் 4 அன்று, கொச்சி கடற்படைத் தளத்தில் ஒரு சேத்தக் விபத்துக்குள்ளாகி, தரையில் பணியிலிருந்த மாலுமி ஒருவர் இறந்தார். 2018 ஆகஸ்டில் ஒப்புதல் பெற்ற 111 ஹெலிகாப்டர்களில் ஒன்றுகூட இதை எழுதும் நாள்வரை எந்தக் கப்பலிலும் இறங்கவில்லை.